அட்டைச் சலுகை தேடும் பிள்ளைகளுக்கு, ஐந்தாம் மாடியிலிருந்து

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் இளம் பிள்ளைகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை காலி வீதியில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில், பணம் கட்டும் வரிசையில், உங்களில் இரண்டு பேருக்குப் பின்னால் நின்றேன். கலியாணம் முடித்து அதிக நாள் ஆகியிராது போலிருந்தது. ஒரே வண்டிலில் இருந்த சாமானை மூன்று பங்காகப் பிரித்து வைத்தீர்கள். மரக்கறிக்கு ஒரு வங்கியின் கடனட்டை, மீனுக்கும் இறைச்சிக்கும் இன்னொன்று, மிச்சத்துக்கு மூன்றாவது. எந்த அட்டைக்கு எந்தக் கிழமை, எத்தனை வீதக் கழிவு, எவ்வளவுக்கு மேல் வாங்கினால் கழிவு நின்றுவிடும் என்பதெல்லாம் உங்களுக்குக் கைபேசியைப் பார்க்காமலே தெரிந்திருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. 2022 இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். ஒரு ரூபாயையும் வீணாக விடக்கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஓர் அம்மா நின்றார். கையில் ஒரு இறாத்தல் பாண், ஒரு சட்டித் தயிர், ஒரு சீலைப் பை. அவர் என்னுடைய தொடர்மாடியில்தான் இருக்கிறார். போன மாதம் தன் வங்கிப் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து காட்டி, "இதென்ன பிள்ளை, வட்டி குறைஞ்சு வந்திருக்கு" என்று கேட்டார். ஊரில் காணி விற்ற காசில் இருபது இலட்சத்தை ஒரு வருட நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். வட்டி 8 வீதம். ஒரு இலட்சத்து அறுபதாயிரம் வரவேண்டிய இடத்தில் பதினாறாயிரத்தை வரி என்று பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கணக்கில் வரவு வைத்திருந்தது வங்கி. அவருக்கு அந்தப் பதினாறாயிரம் இரண்டு மாத மருந்து. ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்திருந்தால் அது பிடிபட்டே இராது. கருமபீடத்தில் இருந்தவர்கள் அந்தப் படிவத்தைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவருக்கு முன்னால் மூன்று அட்டையோடு நின்ற உங்களையும், பின்னால் நின்ற அவரையும் சேர்த்துப் பார்த்த அந்த நேரத்தில்தான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் முப்பத்தொரு வருடம் வங்கிக் கருமபீடத்துக்குப் பின்னால் இருந்தவள். கொட்டாஞ்சேனையில் தொடங்கி வெள்ளவத்தையில் ஓய்வு பெற்றேன். வங்கியில் இலவசமாக எது கிடைக்கும் என்று தேடுகிற உங்களுக்கு, உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். வங்கி எதை விளம்பரம் செய்கிறதோ அது வங்கிக்குத் தேவையானது. உங்களுக்கு உரியதாகச் சட்டத்தில் எழுதியிருப்பதற்குப் பெரும்பாலும் பதாகை கட்டமாட்டார்கள். நீங்கள் முதலாவதைத் தேடித் தேடிக் கெட்டிக்காரராகிவிட்டீர்கள். அந்தக் கெட்டித்தனத்தில் கொஞ்சத்தை இரண்டாவதற்குக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் உங்கள் சலுகைகளைப் பற்றி. மாதக் கடைசியில் முழுத்தொகையையும் கட்டுகிறவர்களுக்கு அட்டைக் கழிவு உண்மையான இலாபம்தான், மறுக்கமாட்டேன். ஆனால் அந்தக் கழிவுக்கான காசு எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு பகுதி கடைக்காரர் கட்டும் தரகிலிருந்து வருகிறது. இன்னொரு பகுதி, ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டிவிட்டு மிச்சத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறவர்களின் வட்டியிலிருந்து வருகிறது. 2022 இல் கடனட்டை வட்டி 36 வீதம் வரை போனது. ஒரு இலட்சம் நிலுவை வைத்திருந்தவருக்கு மாதம் மூவாயிரம் ரூபாய் வட்டி மட்டும். பிறகு குறைந்தது, ஆனாலும் வங்கியின் மற்றக் கடன்களைவிட அது உயரம்தான். கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில், ஜம்பட்டா வீதிப் பக்கத்துச் சின்னக் கடைக்காரர்கள் மாதம் தவறாமல் வந்து அந்த ஆகக்குறைந்த தொகையைக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்காகக் கட்டியும் முதல் அப்படியே நிற்கும். உங்கள் மரக்கறிக் கழிவில் அவர்களுடைய பணமும் இருக்கிறது. உங்களைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலேயே, அப்பாவோ அண்ணாவோ, அப்படி ஒரு அட்டையை உருட்டிக்கொண்டிருக்கக் கூடும். புதிய அட்டை ஒன்றை எடுப்பதற்கு முதல் அவரிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் கழிவையெல்லாம் சேர்த்தாலும் அவர் கட்டும் வட்டிக்குக் கிட்டவும் வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் கட்டினால் இரண்டரை, மூன்று வீதம் கூட வரும் என்று சில கடைகளில் கேட்பார்கள், செட்டியார் தெரு நகைக்கடைகளிலும் கேட்டிருப்பீர்கள். அந்தத் தரகு கடைக்காரர் வங்கிக்குக் கட்டவேண்டியது. வாங்குகிறவரின் தலையில் போடக்கூடாது என்று மத்திய வங்கியே பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, அட்டை தந்த வங்கிக்கு முறையிடுங்கள். இலவசம் தேடி அலைகிற நேரத்தில், உங்களிடமிருந்து தவறாக எடுக்கப்படுவதையும் கவனியுங்கள்.

2021 டிசம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகப் பணம் அனுப்பினால் ஒரு டொலருக்குப் பத்து ரூபாய் மேலதிகமாகத் தருவதாக அறிவித்தார்கள். வெள்ளவத்தையில் பாதி வீடு லண்டனையும் ரொறன்ரோவையும் நம்பி இருக்கிற இடம். பத்து ரூபாய் சும்மா கிடைக்கிறதே என்று சந்தோசப்பட்டவர்கள் நிறையப் பேர். உத்தியோகபூர்வ விலை அப்போது 203 ரூபாய் அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்து மாதத்தில் டொலர் 360 ரூபாய்க்கு வந்துவிட்டது. நாட்டில் டொலர் தட்டுப்பாடாகப் போனதால்தான் அந்தப் பத்து ரூபாய் வந்தது. தருகிறவருக்கு எது முடைபட்டிருக்கிறது என்று பார்த்திருந்தால் கொஞ்சப் பேராவது பொறுத்திருப்பார்கள்.

அதைவிடக் கசப்பான நினைவு 2008 டிசம்பர். கோல்டன் கீ என்ற கடனட்டை நிறுவனம் வங்கிகளைவிட உயர்ந்த வட்டி தருவதாகச் சொல்லி வைப்புகளை வாங்கியது. அது விழுந்தபோது, அதே குழுமத்தைச் சேர்ந்த செலான் வங்கியின் வாசல்களிலும் சனம் திரண்டது. மத்திய வங்கி தலையிட்டு, இலங்கை வங்கியிடம் நிர்வாகத்தைக் கொடுத்துத்தான் அந்தப் பயம் அடங்கியது. 2010 இல் வைப்புக் காப்புறுதித் திட்டம் வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் இரண்டு இலட்சம்தான். 2021 இலிருந்து அது பதினொரு இலட்சம். இதைப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரே நிதி நிறுவனத்தில், அரை வீதம் கூட வட்டி என்பதற்காக, வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

பிடித்துவைக்கும் வரியிலிருந்து தொடங்குவோம். வைப்பு வட்டியில் 2023 ஜனவரியிலிருந்து 5 வீதம் பிடித்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அது 10 வீதமானது. ஆனால் வருட வருமானம் பதினெட்டு இலட்சத்துக்கு உட்பட்ட ஒருவர், தனக்கு வரி வராது என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு சுயபிரகடனத்தை வங்கியில் கொடுத்தால் அந்தப் பத்து வீதத்தைப் பிடிக்கமாட்டார்கள். வரி இலக்கம் எடுத்திருக்க வேண்டும். இறைவரித் திணைக்களத்தில் அதைப் பதிவு செய்வது உங்களுக்கு அரைமணி நேர வேலை, எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு அது மலை. வரி வருடம் ஏப்ரல் முதலாம் திகதி தொடங்குகிறது, அந்தப் பிரகடனத்தை வருடாவருடம் கொடுக்க வேண்டும். மூன்று வங்கியில் பணம் இருந்தால் மூன்று இடத்திலும் கொடுக்க வேண்டும். பிடித்துவிட்டதைப் பிறகு திருப்பிக் கேட்கலாம். அது நீண்ட வழி, பெரியவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள்.

அடுத்தது மூத்தோர் வட்டி. 2015 இல் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் பத்து இலட்சம் வரையான வைப்புக்கு 15 வீதம் கொடுத்தார்கள். அந்த வட்டியில்தான் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது. 2022 ஒக்டோபரில் அதை நிறுத்தியபோது வந்து அழுத ஓய்வூதியக்காரர்களை எனக்குத் தெரியும். 2025 பெப்ரவரியில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில், பத்து இலட்சம் வரையான ஒரு வருட வைப்புக்குச் சந்தை வட்டியைவிட 3 வீதம் கூடத் தருவதாக அறிவித்தார்கள். பத்து இலட்சத்துக்கு அது வருடம் முப்பதாயிரம். உங்கள் அம்மம்மாவின் வைப்பு அந்தத் திட்டத்தில் விழுந்திருக்கிறதா, அல்லது பழைய கணக்கிலேயே தானாகப் புதுப்பிக்கப்பட்டுக் கிடக்கிறதா என்று யாராவது போய்க் கேட்டீர்களா?

மூன்றாவதுதான் எனக்கு நித்திரை வராமல் செய்கிறது.

கொட்டாஞ்சேனைக் கிளையில் ஒரு நாள், பின்னேரம் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓர் ஐயா வந்தார். வேட்டி, சட்டை, தோளில் குடை. மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். பைக்குள் பழைய பேப்பர், பேப்பருக்குள் வங்கிப் புத்தகம். அட்டையின் ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது. உள்ளே பதிவுகள் எல்லாம் கையால் மையில் எழுதியவை, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சுருக்கெழுத்து. யாழ்ப்பாணத்துக் கிளை ஒன்றின் முத்திரை. கடைசிப் பதிவு 1995 செப்டெம்பர். அடுத்த மாதம் ஊரே வெளிக்கிட்டுவிட்டது. கணக்கு மனைவியின் பெயரில். அவர் காலமாகி நாலு வருடம். "இந்தக் கணக்கு இன்னும் இருக்கா பிள்ளை?" என்று கேட்டார்.

எனக்குப் பின்னால் பெட்டகம் பூட்ட ஆயத்தம். வரிசையில் இன்னும் ஆறு பேர். மரண அத்தாட்சிப் பத்திரமும் கலியாண எழுத்தும் வேண்டும், கிராம சேவகரின் கடிதமும் வேண்டும், "நாளைக்குக் கொண்டு வாங்கோ ஐயா" என்றேன். அவர் புத்தகத்தைத் திரும்பப் பேப்பரில் சுற்றினார். அதற்கு அவருக்கு நேரமெடுத்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவர் பிறகு வரவேயில்லை. அவருடைய பெயரையாவது எழுதி வைத்திருக்கலாம். தொலைபேசி எண் கேட்டிருக்கலாம். மூன்று பத்திரம் எடுக்க அந்த வயதில் அவர் எங்கெங்கே அலைய வேண்டும் என்று நினைத்துப் பார்த்திருக்கலாம். ஒன்றையும் நான் செய்யவில்லை.

பத்து வருடம் உரியவர் யாரும் கொடுக்கல் வாங்கல் செய்யாத கணக்கு, 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின்படி கைவிடப்பட்ட ஆதனம் ஆகிறது. வங்கி அதை மத்திய வங்கிக்கு அறிவித்து அங்கே மாற்ற வேண்டும். அதோடு பணம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். உரியவரோ அவருடைய உரித்தாளரோ பத்திரங்களோடு தங்கள் வங்கி வழியாகக் கேட்டால் திருப்பித் தர வேண்டும். நமக்குப் பத்து வருடம் என்பது எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். ஒரு இடப்பெயர்வும், கொழும்புக்கு வந்து ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நாலு தரம் மாறுவதும், ஒரு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் சேர்ந்தால் பத்து வருடம் போய்விடும். 83 இல் போனவர்கள், 95 இல் போனவர்கள், 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லாருடைய புத்தகங்களும் யாரோ ஒருவரின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கின்றன. பலதில் பெரிய தொகை இராது. சிலதில் இருக்கும். எடுத்துப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

உங்கள் பெயரிலேயே ஒன்று இருக்கலாம். ஹபன், டிக்கிரி, சிங்கிதி, ரண் கெகுளு என்று ஏதோ ஒரு சிறுவர் கணக்கில், உங்களுக்கு மூன்று வயதில், ஒரு உண்டியலுக்காகவோ புத்தகப் பைக்காகவோ அம்மா ஐந்நூறு ரூபாய் போட்டிருப்பார். புலமைப்பரிசில் பாஸ் பண்ணியபோது மாமா கொஞ்சம் போட்டிருப்பார். பதினெட்டு வயது தாண்டியதும் அந்தக் கணக்கு உங்களுடையது. பரிசுப் பொருள் ஞாபகம் இருக்கும், கணக்கு ஞாபகம் இராது. அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள்.

அதே பயணத்தில் இன்னொரு காரியமும் முடியும். பெரியவர்களின் ஒவ்வொரு கணக்குக்கும் பின்னுரித்தாளர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 544 ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஒரு படிவம், ஒரு சாட்சி, பத்து நிமிடம். எழுதாமல் போனால், செத்தவீட்டுச் செலவுக்குக் கூட அந்தப் பணத்தை இலகுவில் தொட முடியாது. புதுக்கடை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்க வேண்டி வரலாம், பிள்ளைகள் மூன்று நாட்டில் இருந்தால் மூன்று நாட்டிலிருந்தும் கடிதம் கேட்கலாம். "இப்பவே என்ர சாவைப் பேசுறியா" என்று அப்பா கோபிப்பார் என்ற பயத்தில் நீங்கள் கேட்பதில்லை. நான் கேட்டிருக்கிறேன். கோபித்தார். அடுத்த கிழமை அவரே சட்டைப் பையில் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு வெளிக்கிட்டு நின்றார்.

நீங்கள் ஏன் கூடப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். மொழிதான் காரணம். நம்முடைய பெரியவர்கள் கொழும்பில் வங்கிக்குள் போகும்போது குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். ஆங்கிலப் படிவத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு வருகிறார்கள், என்னவென்று கேட்பதில்லை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றில் வாடிக்கையாளர் விரும்பும் மொழியில் விளக்கம் பெறலாம் என்று மத்திய வங்கி 2011 இலேயே வாடிக்கையாளர் பட்டயத்தில் எழுதிவைத்தது. தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லை என்றால் முகாமையாளரிடம் கேளுங்கள். எழுத்தில் முறையிட்டும் பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கம் இருக்கிறது, நிதி ஓம்புட்ஸ்மன் இருக்கிறார். நான் பழகிய உத்தியோகத்தர்களில் அநேகர் நல்லவர்கள். ஆனால் தெரிந்து கேட்கிற ஒரு பிள்ளை பக்கத்தில் நின்றால், அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார்கள். இது முப்பத்தொரு வருடம் நான் அந்தப் பக்கத்திலிருந்து கண்டது.

போகும் வழியில் இதையும் சொல்லி வையுங்கள்: வங்கியின் ஆண்டு நிறைவுப் பரிசு என்று வட்ஸ்அப்பில் வரும் இணைப்பை அழுத்தக்கூடாது, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொன்னாலும், யாருக்கும் சொல்லக்கூடாது. இலவசம் என்ற சொல்லை நம்பி ஏமாந்த பெரியவர்களில் பலர் வீட்டாருக்குக் கூடச் சொல்லாமல் வெட்கத்தோடு இருந்துவிடுகிறார்கள்.

என்னுடைய கேள்வி இவ்வளவுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை சலுகைப் பட்டியலைப் பார்க்கிற அந்த அரைமணி நேரத்தை ஒரு தரம் மாற்றிச் செலவழியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அலுமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். வங்கிப் புத்தகங்கள், வைப்புச் சான்றிதழ்கள், பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். எந்த வங்கி, எந்தக் கிளை, யார் பெயர், கடைசிப் பதிவு எப்போது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இல்லையென்றால், உங்கள் தொடர்மாடியில் பிள்ளைகள் எல்லாம் கனடாவிலிருக்க, தனியாக இருக்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். மயூரபதி அம்மன் கோயில் வாசலில் நீங்கள் வணக்கம் சொல்கிறவர், சென் லூசியாஸ் பூசை முடிந்து மெதுவாக நடந்து வருகிறவர். அவருடைய புத்தகங்களைக் கையில் வாங்காதீர்கள், இரகசிய இலக்கத்தைக் கேட்காதீர்கள். கதவைத் தட்டி, "அன்ரி, வங்கிக்குப் போற வேலை ஏதும் இருக்கா, நான் கூட வாறன்" என்று மட்டும் கேளுங்கள்.

திங்கட்கிழமை வேலைக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போக அனுமதி எடுங்கள். காலையிலேயே அவர்களோடு போய்விடுங்கள். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6